சப்ளை இரைச்சலை அடக்கும் கெபாசிட்டர்: கணக்கிடுவது, தேர்ந்தெடுப்பது, பலகையில் வைப்பது

களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு வாழைத்தோட்டம். அங்குள்ள கிணற்று மோட்டாரைக் கைப்பேசி வழியாக ஓட்டவும் நிறுத்தவும் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி செய்துகொடுத்திருந்தேன். பாளையங்கோட்டையில் என் பட்டறை மேசையில் பத்து நாள் ஓடியது. ஒரு முறைகூடப் பிசகவில்லை. தோட்டத்தில் மாட்டிய மூன்றாம் நாள் தோட்டக்காரர் அழைத்தார். "அண்ணாச்சி, நான் கூப்பிட்டால் ஒரு மணி அடிக்கிறது. உடனே பெட்டி அணைந்து மறுபடி எரிகிறது. மோட்டார் ஓடவே இல்லை." மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில், காட்டுப்பன்றி நடமாடும் வரப்பில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டாம் என்றுதான் அவர் அந்தப் பெட்டியைக் கேட்டிருந்தார். அது வேலை செய்யாதது எனக்குச் சிறிய விஷயமாகப் படவில்லை.

பெட்டிக்குள் இருந்த மின்சுற்றுப் பலகையில் கெபாசிட்டர் இல்லாமல் இல்லை. சப்ளை மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டரை ஒட்டி 1000 மைக்ரோ ஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் ஒன்று நின்றது. அங்கிருந்து, கைப்பேசிக் கோபுரத்தோடு பேசும் ஜிஎஸ்எம் மாட்யூலுக்குப் போன செம்புத் தடம் 8 சென்டிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். திரும்பி வரும் தரை (கிரவுண்ட்) தடமும் அப்படியே. வழக்கமான 35 மைக்ரான் செம்பில் ஒரு சதுரத்துக்குச் சுமார் அரை மில்லி ஓம் தடை உண்டு. 8 சென்டிமீட்டர் தடத்தில் அரை மில்லிமீட்டர் சதுரங்கள் 160. ஆக 80 மில்லி ஓம். போக வர 160. ஒலிபரப்பும் நேரத்தில் மாட்யூல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். தடத்தில் மட்டுமே 0.32 வோல்ட் கரைந்தது. அந்த மலிவான எலெக்ட்ரோலிட்டிக்கின் உள்தடை சுமார் 0.1 ஓம்; அதில் இன்னும் 0.2 வோல்ட். 3.8 வோல்ட்டில் புறப்பட்ட சப்ளை மாட்யூலின் வாசலுக்கு வரும்போது 3.3-க்கும் கீழே. அந்த மாட்யூலுக்கு 3.4 வோல்ட்டாவது வேண்டும்.

பட்டறையில் ஏன் தெரியவில்லை? நகரத்தில் கோபுரம் பக்கத்தில் இருக்கிறது; மாட்யூல் மெல்லப் பேசினாலே போதும். மலையடிவாரத்தில் சிக்னல் மெலிவு. முழு பலத்தில் ஒலிபரப்ப வேண்டியிருந்தது. கெபாசிட்டரின் மதிப்பை நான் மாற்றவில்லை. உள்தடை குறைந்த அதே 1000 மைக்ரோ ஃபாரட்டை மாட்யூலின் காலடிக்குக் கொண்டுவந்தேன். தடத்தை 3 மில்லிமீட்டருக்கு அகலப்படுத்தி, கீழ்ப்பக்கம் முழுவதும் தரைப்பரப்பாக்கினேன். அதன் பிறகே இந்தப் பாடத்தை எனக்கும் என் பட்டறைக்கு வரும் பிள்ளைகளுக்கும் வரிசையாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. எத்தனை மைக்ரோ ஃபாரட் என்ற கேள்விக்கு முன்னால், அந்த மின்னூட்டம் எந்த வழியாக வந்து சேரும் என்ற கேள்வி நிற்க வேண்டும்.

இங்கே ஒரு சொல் விளக்கம். நம் பக்கத்தில் பம்ப்செட் மெக்கானிக் "கண்டென்சர்" என்று சொல்வது ஒருமுனை மோட்டாரைச் சுழலவைக்கும் கெபாசிட்டர். இந்தக் கட்டுரையில் வருவது அது அல்ல. சப்ளை மின்னழுத்தம் கணப்பொழுதில் ஆடுவதை, அதாவது சப்ளை இரைச்சலை, அடக்கச் சிப்புகளின் சப்ளை முனைகளுக்குப் பக்கத்தில் வைக்கும் சிறு மின்தேக்கிகள். மின்னணுக்காரர்கள் டிகப்ளிங் கெபாசிட்டர் என்பார்கள்.

அணையும் குளமும் மடையும்

பாபநாசம் அணை நிறைந்திருக்கிறது என்பதற்காகச் சேரன்மகாதேவி வயலில் இன்று காலை நாற்றுக்குத் தண்ணீர் வந்துவிடாது. அணையிலிருந்து ஆறு, ஆற்றில் அணைக்கட்டு, அதில் பிரியும் கால்வாய், பிறகு குளம், குளத்து மடை, கடைசியில்தான் வயல். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் நயினார்குளத்துக்கு வந்து சேர்கிறது. குளத்தின் கீழே இருக்கும் வயல் அவசரத்துக்குக் கேட்பது குளத்தைத்தான், பாபநாசத்தை அல்ல.

பலகையில் அடாப்டர் அணை. செம்புத் தடம் கால்வாய். சிப்புக்குச் சற்றுத் தள்ளி நிற்கும் பெரிய கெபாசிட்டர் குளம். சப்ளை முனையை ஒட்டி உட்காரும் பீங்கான் கெபாசிட்டர், வயலின் தலைமாட்டில் வெட்டிய சிறு தொட்டி. குளம் எவ்வளவு பெரிதானாலும் மடை குறுகலாக இருந்தால் வயலுக்கு வருவது கொஞ்சம்தான். கெபாசிட்டரில் அந்த மடைக்கு இரண்டு குறுகல்கள்: ஒன்று உள்தடை, மற்றது மின்தூண்டல். முதலாவது ஓட்டத்தையே தடுக்கும். இரண்டாவது ஓட்டம் திடீரென மாறுவதைத் தடுக்கும். டிஜிட்டல் சிப்புகளில் தொல்லை பெரும்பாலும் இரண்டாவதால்தான்.

ஒரு கணக்கு பார்ப்போம். சிப்பின் உள்ளே வாயில்கள் எனப்படும் நுண் சுவிட்சுகள் ஒரே நேரத்தில் மாறும்போது 2 நானோ விநாடிக்குள் 20 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுக்கிறது என்று வையுங்கள். தரைப்பரப்பு அருகில் இல்லாத மெல்லிய தடத்துக்கு மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோ ஹென்றி மின்தூண்டல். 5 சென்டிமீட்டருக்கு 50 நானோ ஹென்றி. மின்தூண்டலை மின்னோட்டம் மாறும் வேகத்தால் பெருக்கினால் இழக்கும் மின்னழுத்தம்: 50 நானோ ஹென்றி, அதை 20 மில்லி ஆம்பியரால் பெருக்கி 2 நானோ விநாடியால் வகுத்தால் அரை வோல்ட். வெறும் 20 மில்லி ஆம்பியருக்கு, 3.3 வோல்ட் சப்ளையில் அரை வோல்ட் பள்ளம். மல்ட்டிமீட்டரை வைத்தால் 3.3 என்றே காட்டும். அது சராசரியை மட்டுமே காட்டும் கருவி.

முதல் படி: தரவுத்தாளைத் திறந்து முனைகளை எண்ணுங்கள்

எந்தக் கணக்குக்கும் முன்னால் சிப் செய்தவர்களே என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகண்ட்ரோலர் வரிசையின் தரவுத்தாளில் சப்ளை வரைபடம் ஒன்று இருக்கிறது: ஐந்து 100 நானோ ஃபாரட், அவற்றுடன் ஒரு 4.7 மைக்ரோ ஃபாரட். அனலாக் சப்ளைக்குத் தனியே 10 நானோ ஃபாரட்டும் 1 மைக்ரோ ஃபாரட்டும். இதைப் பார்த்துவிட்டு "மொத்தம் அரை மைக்ரோ ஃபாரட் வேண்டும், ஒன்றாகவே போட்டுவிடலாம்" என்று முடிவு செய்வோர் உண்டு. அது தவறு. ஒவ்வொரு சப்ளை முனையும் சிப்பின் வெவ்வேறு பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி மடை வேண்டும் என்பதே அந்த எண்ணிக்கையின் பொருள்.

கல்லூரிப் பிள்ளைகள் அதிகம் புழங்கும் ஏடிமெகா328பி சிப்பின் இரு வரிசைக் கால் வடிவில் 7-ஆம் முனை சப்ளை, 8-ஆம் முனை தரை. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் கெபாசிட்டரை ஒட்டிவைக்கத் தடையே இல்லை. அனலாக் சப்ளை 20, அதன் தரை 22. இந்த இரண்டாவது ஜோடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மண் ஈரத்தை அளக்கும் பலகையில் எண்கள் காரணமில்லாமல் தாவினால் நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

பழைய 7400 வரிசையின் 14 கால் சிப்புகள் பெரும்பாலானவற்றில் 14-ஆம் முனை சப்ளை, 7-ஆம் முனை தரை, எதிரெதிர் மூலைகள். அங்கே கெபாசிட்டரைச் சப்ளை முனையை ஒட்டிவைத்து, தரையை அகலமான செம்பால் சிப்பின் அடியிலேயே இழுத்துவர வேண்டும்.

இரண்டாம் படி: எவ்வளவு மின்னூட்டம் தேவை

தரவுத்தாளில் எண் இல்லாதபோது நாமே கணக்கிடலாம். தேவையான கெபாசிட்டன்ஸ் என்பது மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி, பொறுக்கக்கூடிய மின்னழுத்த இறக்கத்தால் வகுத்தது. 100 மில்லி ஆம்பியர், 20 நானோ விநாடி, 50 மில்லி வோல்ட் இறங்கலாம் என்றால் 40 நானோ ஃபாரட். உலகமெங்கும் 100 நானோ ஃபாரட் போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன். சாதாரணச் சிப்புக்கு அது போதும், கொஞ்சம் மீதியும் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. சப்ளை எவ்வளவு ஆடலாம் என்பதை, மின்னோட்டம் எவ்வளவு தாவும் என்பதால் வகுத்தால் வருவது இலக்கு மின்மறுப்பு. மின்மறுப்பு என்பது மாறும் மின்னோட்டத்துக்குப் பாதை காட்டும் மொத்த எதிர்ப்பு. 3.3 வோல்ட்டில் 5 சதவீதம் என்றால் 165 மில்லி வோல்ட். அரை ஆம்பியர் தாவினால் 0.33 ஓம். சிப் வேலை செய்யும் அதிர்வெண் எல்லை முழுவதும் சப்ளைப் பாதையின் மின்மறுப்பு இதற்கு மேல் ஏறக் கூடாது. கெபாசிட்டரைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும் வேலை.

மூன்றாம் படி: பீங்கானின் வகை

எத்தனை நானோ ஃபாரட் என்று கேட்டு வாங்குகிறவர்கள் எந்தப் பீங்கான் என்று கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும்.

பீங்கானின் வகைக்கு மூன்றெழுத்துக் குறி உண்டு. எக்ஸ்7ஆர் என்றால் மைனஸ் 55 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை மதிப்பு 15 சதவீதத்துக்குள் மாறும். எக்ஸ்5ஆர் அதே 15 சதவீதம், ஆனால் 85 டிகிரி வரை மட்டும். ஒய்5வி என்பது 22 சதவீதம் கூடலாம், 82 சதவீதம் குறையலாம். 100 என்று எழுதி வாங்கி 18 மட்டுமே கையில் நிற்கும் நிலை. அக்னி நட்சத்திர வெயிலில் தகரப் பெட்டிக்குள் இருக்கும் பலகைக்கு ஒய்5வி வேண்டவே வேண்டாம். விலையில் மிச்சமாகும் பைசாவுக்கு அது தகாது. சி0ஜி என்பது மிக நிலையானது, டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 30 பங்கே மாறும். ஆனால் பெரிய மதிப்புகளில் பருமனும் விலையும் கூடிவிடும். அது படிக ஆஸிலேட்டருக்கும் வடிகட்டிக்கும் உரியது. டிகப்ளிங்குக்கு எக்ஸ்7ஆர். நான் 50 வோல்ட், 100 நானோ ஃபாரட், எக்ஸ்7ஆர் நாடாச் சுருளை எப்போதும் இருப்பில் வைத்திருக்கிறேன்.

இனிச் சொல்வது பலரை ஏமாற்றும் இடம். எக்ஸ்7ஆர், எக்ஸ்5ஆர் வகைப் பீங்கான்களில் மின்னழுத்தம் ஏற ஏறக் கெபாசிட்டன்ஸ் குறையும். 0402 என்ற மிகச் சிறிய உடல் அளவில் 10 மைக்ரோ ஃபாரட், 6.3 வோல்ட் என்று விற்கும் ஒன்றை 5 வோல்ட் சப்ளையில் வைத்தால் கையில் நிற்பது பாதிக்கும் கீழே. தயாரிப்பாளரின் தரவில் இதற்கென்றே வரைகோடு இருக்கும். அதைப் பார்க்காமல் பெரிய மதிப்புப் பீங்கானை வாங்காதீர்கள். 3.3 வோல்ட் சப்ளைக்குக் குறைந்தது 10 அல்லது 16 வோல்ட் தாங்கும் பீங்கான், 5 வோல்ட்டுக்கு 16 அல்லது 25, 12 வோல்ட்டுக்கு 25 அல்லது 50 என்பது நான் பின்பற்றும் வழக்கம். அதே மதிப்பை ஒரு படி பெரிய உடலில் வாங்கினாலும் இழப்பு குறையும்.

குறியீட்டைப் படிப்பது எளிது. 104 என்றால் 10-க்குப் பின்னால் நான்கு சுழியம், பிக்கோ ஃபாரட்டில். அதாவது 100 நானோ ஃபாரட். 103 என்றால் 10 நானோ ஃபாரட், 105 என்றால் 1 மைக்ரோ ஃபாரட். பலகை மேல் ஒட்டும் சிறு பீங்கான்களில் எந்த எழுத்தும் இருக்காது. நாடாச் சுருளிலிருந்து பிரித்துவிட்டால் கண்ணால் அடையாளம் காண முடியாது. பெட்டியில் பெயர் எழுதிவையுங்கள்.

நான்காம் படி: உடலின் அளவு

ஒவ்வொரு கெபாசிட்டரும் ஓர் அதிர்வெண் வரைதான் கெபாசிட்டராக நடக்கும். அதற்கு மேல் அதன் மின்தூண்டல் மேலோங்கி, அது ஒரு கம்பிச் சுருளாக (இன்டக்டராக) நடக்கத் தொடங்கும். அந்த எல்லையை ஒத்ததிர்வு அதிர்வெண் என்கிறோம். 100 நானோ ஃபாரட்டும் 1 நானோ ஹென்றியும் சேர்ந்தால் சுமார் 16 மெகா ஹெர்ட்ஸ். நீண்ட கம்பிக்கால் உள்ள வட்டத் தட்டு வகையில் மின்தூண்டல் 10 நானோ ஹென்றியானால் அதே 100 நானோ ஃபாரட் 5 மெகா ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். கால்களை ஒட்ட வெட்டிச் சாலிடர் செய்யச் சொல்வது அழகுக்காக அல்ல.

100 மெகா ஹெர்ட்ஸில் 1 நானோ ஹென்றியின் மின்மறுப்பு 0.63 ஓம். அங்கே கெபாசிட்டர் 100 நானோவா, 10 நானோவா, 1 மைக்ரோவா என்பது கணக்கிலேயே வராது. மடையின் அகலம் மட்டுமே பேசும். அதனால் அதிவேகச் சிப்புகளுக்கு மதிப்பைக் குறைப்பதைவிட உடலைச் சிறிதாக்குவது, பல கெபாசிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது பலன் தரும். கையால் சாலிடர் செய்கிறவர்களுக்கு 1.6 மில்லிமீட்டர் நீளமுள்ள 0603 நல்ல சமரசம். 0402 ஒரு மில்லிமீட்டர்தான். பூதக்கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்.

ஒரு பழைய வழக்கம் உண்டு: ஒவ்வொரு முனையிலும் 100 நானோ, 10 நானோ, 1 நானோ என மூன்றையும் சேர்த்துப் போடுவது. ஒவ்வொன்றும் ஒவ்வோர் அதிர்வெண்ணைக் கவனித்துக்கொள்ளும் என்ற எண்ணம். கம்பிக்கால் கெபாசிட்டர் காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. இன்று மூன்றும் ஒரே உடல் அளவு என்றால் மூன்றுக்கும் மின்தூண்டல் ஏறக்குறைய ஒன்றே. பெரியது சுருளாக நடக்கத் தொடங்கிய இடத்தில் சிறியது இன்னும் கெபாசிட்டராக இருக்கும். இரண்டும் சேர்ந்து எதிர் ஒத்ததிர்வு என்ற மேட்டை எழுப்பும். அந்த அதிர்வெண்ணில் மின்மறுப்பு ஒற்றைக் கெபாசிட்டரைவிட அதிகமாகிவிடும். அதனால் ரேடியோ அதிர்வெண் மாட்யூல் தயாரிப்பாளர் குறிப்பாகக் கேட்டிருந்தால் மட்டும் வெவ்வேறு மதிப்புகள். மற்றபடி ஒரே மதிப்பு, பல எண்ணிக்கை என்பதே என் தீர்ப்பு.

ஐந்தாம் படி: குளத்தின் கொள்ளளவு

இனிப் பெரிய கெபாசிட்டர். ஜிஎஸ்எம் மாட்யூல் நல்ல எடுத்துக்காட்டு, ஏனெனில் அதன் பசி நேரம் குறித்து வரும் பசி: 4.615 மில்லி விநாடிக்கு ஒரு முறை, 577 மைக்ரோ விநாடி நேரம், 2 ஆம்பியர் வரை. வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் கைப்பேசி வைத்தால் கேட்கும் அந்தக் கரகரப்பு, விநாடிக்கு 217 முறை நடக்கும் இந்த இழுப்பிலிருந்தே பிறக்கிறது.

உங்கள் ரெகுலேட்டர் 1 ஆம்பியர்தான் தரும் என்றால் மீதி 1 ஆம்பியரைக் கெபாசிட்டர் தர வேண்டும். 300 மில்லி வோல்ட் இறங்கலாம் என்று வைத்தால் 1 ஆம்பியர் பெருக்கல் 577 மைக்ரோ விநாடி வகுத்தல் 0.3, சுமார் 1900 மைக்ரோ ஃபாரட். கடையில் கிடைப்பது 2200. உள்தடை 0.05 ஓம் என்றால் அதில் இன்னும் 50 மில்லி வோல்ட். உள்தடை 0.2 ஓம் உள்ள மலிவான சரக்கு என்றால் 200 மில்லி வோல்ட் அங்கேயே போய்விடும். அப்போது மைக்ரோ ஃபாரட்டைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. எத்தனை மைக்ரோ ஃபாரட் என்று கேட்கும் அதே மூச்சில் உள்தடை எவ்வளவு என்றும் கேளுங்கள்.

எலெக்ட்ரோலிட்டிக்கின் ஆயுளை வெப்பம் தீர்மானிக்கிறது. 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரு மடங்கு என்பது பொறியாளர்கள் நம்பும் கைக்கணக்கு. நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துத் தரிசில், நிழலில்லாத கம்பத்தில் மாட்டிய பெட்டிக்குள் 65 டிகிரி என்று வையுங்கள். 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறித்த கெபாசிட்டர் அங்கே 8000 மணி நேரம் நிற்கும். இடைவிடாமல் ஓடினால் ஓர் ஆண்டுகூட முழுமையாக இல்லை. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்பது அங்கே 32,000 மணி நேரம், மூன்றரை ஆண்டுக்கு மேல். விலை வித்தியாசம் சில ரூபாய். விவசாயி தன் பயிரை நம்பி விட்டிருக்கும் பெட்டியில் 85 டிகிரிச் சரக்கைப் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெட்டிக்கு மேல் ஓர் ஓலைக்கூரை போட்டால் அதுவும் ஆயுளே.

டான்டலம் வகை சிறியது, உள்தடையும் அளவானது. ஆனால் மின்னழுத்தம் மீறினாலோ முனை மாறினாலோ தீப்பற்றக்கூடும். குறித்த மின்னழுத்தத்தில் பாதிக்கு மேல் போகாதீர்கள்.

ஆறாம் படி: வைக்கும் இடம்

கெபாசிட்டரிலிருந்து சப்ளை முனைக்கு, சிப்பின் தரை முனையிலிருந்து திரும்பக் கெபாசிட்டருக்கு. இந்தச் சுற்று எவ்வளவு பரப்பை வளைக்கிறதோ அவ்வளவு மின்தூண்டல். விரலால் அந்தச் சுற்றைத் திரையில் வரைந்து பாருங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

நல்ல கெபாசிட்டரைச் சிப்பிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி வைத்து மெல்லிய தடத்தால் இணைத்தால், போக வர 20 மில்லிமீட்டர்; ஏறக்குறைய 20 நானோ ஹென்றி கூடுகிறது. 16 மெகா ஹெர்ட்ஸ் வரை வேலை செய்த 100 நானோ ஃபாரட் இப்போது மூன்றரை மெகா ஹெர்ட்ஸோடு சரி. 50 மெகா ஹெர்ட்ஸில் 0.3 ஓமாக இருந்த மின்மறுப்பு ஆறு ஓமுக்கு மேல் ஏறிவிடும். எக்ஸ்7ஆர் பார்த்து வாங்கியதெல்லாம் வீண்.

ஆகவே பலகை வரையும்போது கெபாசிட்டரைக் கடைசியில் மிஞ்சிய இடத்தில் செருகாதீர்கள். சிப்பை வைத்தவுடன் அதன் கெபாசிட்டர்களை வையுங்கள். மற்ற பாகங்கள் அதன் பிறகு. இரண்டு அடுக்குப் பலகை என்றால் அடிப்பக்கத்தை முடிந்தவரை உடையாத தரைப்பரப்பாக விடுங்கள். தரையில் இறங்கும் துளையைக் கெபாசிட்டரைச் சாலிடர் செய்யும் செம்புத் திட்டை ஒட்டியே இடுங்கள். திட்டிலிருந்து நீண்ட வால் இழுத்துத் துளை போடுவதைப் பல பலகைகளில் பார்க்கிறேன், அந்த வாலே மடையை அடைக்கிறது. ஒரு துளையை இரண்டு கெபாசிட்டர்கள் பங்குபோட வேண்டாம். சப்ளைத் தடம் முதலில் கெபாசிட்டரைத் தொட்டு, பிறகு சிப்பின் முனைக்குப் போகட்டும்.

நான்கு அடுக்குப் பலகைக்குச் செலவு செய்ய முடிந்தால் செய்யுங்கள். சப்ளைப் பரப்பும் தரைப்பரப்பும் 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் சதுரச் சென்டிமீட்டருக்குச் சுமார் 38 பிக்கோ ஃபாரட் தானாகவே கிடைக்கும். அளவு சிறிதுதான். ஆனால் எந்தக் கெபாசிட்டரும் எட்டாத உயர் அதிர்வெண்ணில் கைகொடுப்பது அதுவே.

பீங்கான் வளைந்தால் விரிசல் விடும். பலகையின் ஓரத்திலும் திருகுத் துளைக்குப் பக்கத்திலும் பெரிய பீங்கானை வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமானால் அதன் நீளம் ஓரத்துக்கு இணையாக இருக்கட்டும். மோட்டாரோடு சேர்ந்து அதிரும் பெட்டியில் இன்னொன்றும் கவனியுங்கள்: எக்ஸ்7ஆர் பீங்கான் அதிர்வைச் சிறு மின்னழுத்தமாக மாற்றும். நுட்பமான அனலாக் அளவீட்டுப் பாதையில் அது இரைச்சலாகத் தெரியும்.

ஏழாம் படி: கெபாசிட்டரே கெடுக்கும் இடங்கள்

அதிகம் போட்டால் அதிக நன்மை என்று எண்ண வேண்டாம். 12 வோல்ட் அடாப்டரை நீண்ட கம்பியோடு, உள்தடை ஏறக்குறைய இல்லாத பீங்கான்கள் மட்டும் இருக்கும் பலகையில் திடீரெனச் செருகினால், கம்பியின் மின்தூண்டலும் பீங்கானும் ஊஞ்சலாடி, மின்னழுத்தம் இரு மடங்கு வரை தாவக்கூடும். 20 வோல்ட் தாங்கும் ரெகுலேட்டர் அந்தக் கணத்தில் போய்விடும். நுழைவாயிலில் ஒரு சாதாரண எலெக்ட்ரோலிட்டிக்கைப் பக்கத்தில் வைத்தால் அதன் உள்தடையே ஊஞ்சலை நிறுத்தும். மேலே குறையாகச் சொன்ன உள்தடை இங்கே குணமாகிறது.

ரெகுலேட்டர்களும் தங்களுக்கென்று நிபந்தனை வைப்பவை. எல்எம்1117 வெளிவாயிலில் உள்தடை 0.3 முதல் 22 ஓம் வரை உள்ள கெபாசிட்டரைக் கேட்கிறது. அங்கே வெறும் பீங்கானை வைத்தால் ரெகுலேட்டரே அலைபாயத் தொடங்கும்; சப்ளை இரைச்சலைக் குறைக்கப் போய் இரைச்சலை உண்டாக்கியவர்கள் ஆவோம். டான்டலமோ எலெக்ட்ரோலிட்டிக்கோ வையுங்கள். பழைய 7805 எளியது: உள்ளே 0.33 மைக்ரோ ஃபாரட், வெளியே 0.1 என்கிறது தரவுத்தாள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் விடும் மின்காந்தச் சுவிட்சான காண்டாக்டர் விழும்போது பலகை மறுதொடக்கம் ஆனால், சிப்புக்குப் பக்கத்தில் எத்தனை கெபாசிட்டர் போட்டாலும் தீராது. அந்த இரைச்சல் பிறக்கும் இடம் காண்டாக்டரின் சுருள். அந்தச் சுருளின் குறுக்கே 100 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 வகைக் கெபாசிட்டரும் தொடராக இட வேண்டும். பலகையில் உள்ள நேர்மின்னோட்ட (டிசி) ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு. வெள்ளத்தை ஆற்றிலேயே தடுக்க வேண்டும். வயலில் மண் அணைத்துப் பயனில்லை.

எட்டாம் படி: அளந்து பார்ப்பது

மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பின் புரோபில் தொங்கும் 15 சென்டிமீட்டர் தரைக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். அந்தக் கம்பியே ஒரு சுருள். பலகையில் இல்லாத நடுக்கத்தைத் திரையில் காட்டும். புரோபின் முனையில் மாட்டும் சிறு வில்கம்பியைப் பயன்படுத்தி, கெபாசிட்டரின் இரு முனைகளிலேயே நேராகத் தொடுங்கள். முதலில் 20 மெகா ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டும் வரம்பில் பாருங்கள், பிறகு வரம்பை நீக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மின்தூண்டலால் வரும் பங்கைச் சொல்லும். மாறாத (டிசி) மின்னழுத்தத்தை விலக்கி ஆடும் பகுதியை மட்டும் 50 மில்லி வோல்ட் அளவில் விரியுங்கள். மெதுவான பள்ளம் தெரிந்தால் மைக்ரோ ஃபாரட் போதவில்லை. இழுப்பு தொடங்கியவுடன் செங்குத்தாக இறங்கி அப்படியே தட்டையாக நின்றால் உள்தடை அல்லது தடத்தின் தடை. கூர்மையாக ஊசிபோல் இறங்கி உடனே ஏறினால் மின்தூண்டல்; கெபாசிட்டரை நகர்த்துங்கள்.

மேசையில் அளந்ததோடு நிறுத்தாதீர்கள். பெட்டி வாழப்போகும் இடத்துக்குப் போங்கள். பகல் 2 மணி வெயில், சிக்னல் மிக மெலிந்த மூலை, மோட்டார் புறப்படும் நொடி, இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும்போது அளக்க வேண்டும்.

களக்காட்டுத் தோட்டத்துக்கு நான் பேட்டரியில் ஓடும் சிறு ஆசிலாஸ்கோப்புடன் போனேன். வெயிலில் தகரப் பெட்டியைத் தொட முடியவில்லை. தோட்டக்காரர் வரப்பின் மறுமுனையிலிருந்து தன் கைப்பேசியில் அழைத்தார். திரையில் 577 மைக்ரோ விநாடி நேரம் ஒரு சிறு படி இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. காண்டாக்டர் சத்தத்துடன் ஒட்டியது, கிணற்றில் மோட்டார் சுழன்றது, வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மாட்யூலின் வாசலில் சப்ளை 3.6 வோல்ட்டுக்குக் கீழே போகவில்லை.